இரண்டாம் இசைத்தட்டு



சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பல் வந்து சேர ஏறத்தாழ மூன்று நாட்கள் ஆகும். அரிசியும் வெங்காயமும் வருவது போலவே ஒரு காலத்தில் பாட்டும் அந்தக் கப்பலிலேயே வந்தது. ஊருக்குப் போய்த் திரும்புகிறவர் பெட்டியில் ஒலிநாடா இல்லையென்றால் அபர்தீன் பஜாரில் அவருக்கு மன்னிப்புக் கிடையாது! 2017-ஆம் ஆண்டிலும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. கடலடிக் கம்பி அப்போது வரவில்லை. செயற்கைக்கோளை நம்பிச் சில பாடல்களை இறக்கிக்கொள்ள நாம் ஓரிரவு முழுவதும் விழித்திருந்தோம். அந்தப் பாடல்களைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம்.

பெங்களூரில் 2003-இல் 'அகம்' என்றொரு இசைக்குழு தோன்றியது. கணினித் தொழிலில் இருந்துகொண்டே பாட வந்தவர் அதன் பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன். கருநாடக இசையை மின்கிதாரோடும் முரசோடும் இணைத்த இக்குழுவின் முதல் இசைத்தட்டு 2012-இலும், 'எ ட்ரீம் டு ரிமெம்பர்' என்னும் இரண்டாம் தட்டு 2017-இலும் வெளிவந்தன.

இரண்டாம் தட்டு என்பது எந்தக் குழுவுக்கும் சோதனைதான். முதல் தட்டுக்குப் பல்லாண்டுகளாகச் சேர்த்து வைத்த சரக்கு கையில் இருக்கும். இரண்டாவதை, எதிர்பார்த்துக் காத்திருப்போர் கண்ணெதிரே ஆக்கியாக வேண்டும். ஸ்பெயின் நாட்டின் கடற்கரை நகரான சான் செபாஸ்தியானில் 'வான் கோவின் காது' என்று பொருள்படும் பெயருடன் ஒரு குழு உண்டு. 1998-இல் முதல் தட்டை வெளியிட்ட அவர்கள், 2000-இல் வெளியிட்ட இரண்டாவதற்குக் 'காப்பர்பாட்டின் பயணம்' என்று பெயரிட்டனர். காப்பர்பாட் என்பவன், ஓர் அமெரிக்கப் படத்தில், புதையலைத் தேடிப் போய் வழியிலேயே மாண்டவன். இரண்டாம் தட்டுக்கு இதைவிடத் துணிச்சலான பெயர் கிடைக்குமோ! அத்தட்டு ஸ்பெயினில் பெருவெற்றி பெற்றது. அந்நகரம் பாஸ்கு மொழிக்குரிய மண். அவர்களோ ஸ்பானிய மொழியில் பாடினார்கள். வீட்டில் ஒரு மொழி, வீதியில் ஒரு மொழி என்று வாழும் நமக்கு இது புதிதன்று.

அகம் குழுவின் இரண்டாம் தட்டில் தியாகராஜரின் 'மனவ்யாலகிஞ்சர' இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் 'ரங்கபுர விஹார'வும் இருக்கிறது. நளினகாந்தி ராகத்தின் வேகத்தைக் கிதார் நன்றாகத் தாங்குகிறது. ரங்கபுர விஹாரவில் முரசு எழும் இடங்களில் சாகித்தியம் சற்று அமிழ்ந்து போகிறது என்பது நம் எண்ணம். பிருந்தாவன சாரங்கம் தாலாட்டக்கூடிய ராகம். அதை உலுக்கி எழுப்ப வேண்டுமா?

எங்கள் அன்னையார் இதைவிடக் கடுமையாகவே சொன்னார். எம்.எஸ். சுப்புலட்சுமியின் தட்டில் அந்தக் கீர்த்தனையைக் கேட்டே வளர்ந்தவர் அவர். "தீட்சிதர் கேட்டால் என்ன சொல்வார்?" என்றார். ஆனால் தீட்சிதர், ஆங்கிலேயர் வாத்தியக் குழுவின் மெட்டுகளுக்கே வடமொழியில் சாகித்தியம் செய்தவர் அல்லரோ? அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் மேனாட்டாரிடம் பிடில் கற்று, அதை நம் இசைக்குக் கொண்டுவந்தார். இன்று பிடில் இல்லாத கச்சேரியைக் காண்பது அரிது. இதைச் சொன்னபோது அன்னையார் பதில் கூறவில்லை. பாட்டை இன்னொரு முறை வைக்கச் சொன்னார்.

எங்கள் தங்கை மகள், ஆசிரியர் கிடைக்காமல் பாட்டு வகுப்பை நிறுத்தியிருந்தாள். முரசொலி கேட்டு ஓடி வந்தவள், "பாட்டி, இது உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். அன்று மாலையே பாட்டி அவளுக்குப் பல்லவியைச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். அனுபல்லவியும் வந்தது. சரணத்தின் நடுவே பாட்டி நின்றுவிட்டார். அடி மறந்துவிட்டது. பாடி நாற்பது ஆண்டுகள் ஆயிற்று என்றார், கண் கலங்கிவிட்டது. கும்பகோணத்தில் உள்ள அத்தையைத் தொலைபேசியில் அழைத்தோம். தொடர்பு மூன்று முறை அறுந்தது. நான்காம் முறை அத்தை பாடினார், பேத்தி எழுதிக்கொண்டாள்.

2020 ஆகஸ்டில், சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பி எங்கள் தீவுகளை எட்டியது. போர்ட் பிளேர் என்றிருந்த எங்கள் நகரம் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்குகிறது. பாட்டுக்காக எவரும் இரவில் விழித்திருப்பதில்லை. அந்தச் சரணம் எழுதிய தாள் மட்டும் எங்கள் வீட்டு அரிசிப் பானைக்கு மேல், சுவரில் ஒட்டியபடியே இருக்கிறது. ஈரக்காற்றில் மை சற்றுப் பரவிவிட்டது.