உடல் இழந்த முகம்



கோயிலில் உற்சவ மூர்த்தியைச் சூழ்ந்து நிற்கும் திருவாசியின் உச்சியை நோக்கியிருக்கிறீர்களா? பிதுங்கிய கண்களும் கோரைப் பற்களும் கொண்ட முகமொன்று அங்கே இருக்கும். கழுத்தில்லை, உடலில்லை. அதன் பெயர் கீர்த்திமுகம். சிறுவயதில் அதைக் கண்டு நான் அஞ்சியதுண்டு.

பண்டைச் சீனத்திலும் இத்தகைய முகம் உண்டு. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஷாங் மரபினரின் வெண்கலக் கலங்களில் அது உறுத்து விழிக்கின்றது. முன்னோர்க்கு உணவு படைக்கும் கலங்கள் அவை. பிற்காலத்தார் அம்முகத்தைத் 'தாவ்தியே' என்றனர். அடங்காப் பெருந்தீனி கொண்ட கொடுவிலங்கு என்பது பொருள். கி.மு. 239 அளவில் தொகுக்கப்பெற்ற சீன நூலொன்று அதன் கதையைச் சொல்கிறது. மனிதனைத் தின்னப் புகுந்த அவ்விலங்கு, விழுங்கி முடிக்குமுன்பே தன் உடலை அழித்துக்கொண்டதாம். பேராசைக்கு அந்நூலார் கண்ட முடிவு அது.

நம் புராணக் கதையோ வேறு. சலந்தரன் ஏவிய இராகுவை விழுங்கச் சிவபெருமான் நெற்றியிலிருந்து ஒரு பூதம் பிறந்தது. இராகு அடைக்கலம் புகுந்தான். இறைவன் அவனைக் காத்து, பசியால் துடித்த பூதத்தை நோக்கி, "உன் உடலையே உண்க" என்றார். அதுவும் உண்டது, முகம் மட்டுமே எஞ்சியது. இறைவன் மகிழ்ந்து, தம் வாயிற்காவலைத் தந்தார். இரண்டிலும் பசி உடலைத் தின்றது. ஆனால், அடங்காத பசி அழிவாயிற்று. ஆணைக்கு அடங்கிய பசி காவலாயிற்று.

இது கோயிலோடு நின்றுவிடும் செய்தியன்று. என் ஊர் காங்கேயம். கிளுவை வேலி சூழ்ந்த எங்கள் மேய்ச்சல் நிலத்தைக் கொறங்காடு என்போம். அதனைப் பகுதி பகுதியாகவே மேய விடுவர். மழை பொய்த்த ஓராண்டில், அடைத்திருந்த காட்டில் மட்டும் கொழுக்கட்டைப் புல் சிறிது எஞ்சியிருந்தது. வேலியருகே மாடுகள் கதறின. படலைத் திறக்குமாறு பாட்டனாரிடம் அழுதேன். "வேரையும் தின்ன விட்டால் நாளைக்கு என்ன இருக்கும், சாமி?" என்றார். மகனைப்போல் வளர்த்த காளைகள் இரண்டைக் கண்ணபுரம் சந்தையில் விற்றார், படலைத் திறக்கவில்லை. அன்றிரவு அவர் உண்ணவுமில்லை. அடுத்த மழையில் அந்தக் காடு தழைத்தது.

நண்பர்களே, பசி குற்றமன்று. அதற்கு வேலியில்லாமைதான் குற்றம். இனித் திருவாசியின் உச்சியை நோக்கும்போது அஞ்சாதீர்கள். உங்கள் வேலி எங்கே என்று எண்ணிப் பாருங்கள்.