பலகைமேற் பலகை



நான் குடியிருக்கும் சேலம் ஃபேர்லேண்ட்ஸில், புதிதாக எழும் இல்லங்கள் சிலவற்றின் முன்னறைச் சுவரில், ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறி நிற்கும்படி மரப்பலகைகளைப் பதிக்கின்றனர். கண்ணுக்கு இனிய காட்சியே. ஆயினும் அவ்வமைப்புத் தோன்றிய காரணம் அழகன்று, மழை.

அந்தமானை நோக்குங்கள். ஆண்டொன்றுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பொழியும் தீவுகள் அவை. காடும் அருகிலேயே உண்டு. 1883ஆம் ஆண்டில் சாத்தம் தீவில் மர அறுவை ஆலை நிறுவப்பெற்றது. பழைய வீடுகள் பல அங்கே பலகைச் சுவர்களால் அமைந்தன. மேற்பலகையின் அடிவிளிம்பு கீழ்ப்பலகையின் தலைவிளிம்பை மூடும். ஆதலின் வழியும் நீர் உட்புகாது வெளியே சொட்டும். நம்மூரில் தென்னங்கீற்றை இறவாரத்திலிருந்து மேல்நோக்கி வேய்வதும் இவ்விதி பற்றியே.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. மரம் ஈரத்தில் அகலவாக்கில் விரியும், வெயிலில் சுருங்கும், நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது. ஆகையால் தேர்ந்த தச்சர், மேற்பலகைக்கு அறையும் ஆணி கீழ்ப்பலகையைத் துளைக்காதவாறு அறைவார். இரண்டையும் சேர்த்து அறைந்தால், சுருங்க இடமின்றிப் பலகை பிளந்துவிடும்.

நம் வீடுகளிலோ பகை வேறு. ஓதம் ஏறிய சுவர்மீது பலகை பதித்தால் ஈரம் உள்ளேயே தங்கும். கறையானுக்கு அது மறைவிடமாகும். கடன்பட்டுக் கட்டிய வீட்டில் இவ்விழப்புச் சிறிதன்று. முதலில் ஓதத்தை நீக்குக; பின்னர்ச் சுவருக்கும் பலகைக்கும் இடையே காற்றுக்கு வழி விடுக.

பிறர் வழக்கத்தைக் கொள்வதில் குறையில்லை. அதன் காரணத்தையும் உடன் கேட்டுக் கொள்ளுங்கள்.