மீண்டு வந்த மூத்த அங்கத்தவர்

கொழும்பிலிருந்து மலையேறும் புகையிரதப் பாதை 1885 ஆம் ஆண்டில் நானுஓயாவை எட்டியது. கடல் மட்டத்துக்கு ஐயாயிரம் அடிக்கு மேலே, குளிரும் மூடுபனியும் குறையாத அந்த நிலையம் நுவரெலியாவுக்கு வாயிலாக விளங்குவது. அதனைச் சூழ்ந்த தோட்டங்களில் காடு திருத்திக் கன்று நட்டுக் கொழுந்து பறித்த மக்களின் உழைப்பெல்லாம் பெட்டிகளில் அடைபட்டு, அப்பாதை வழியே கொழும்புத் துறைமுகம் சென்று உலகச் சந்தையை அடைந்தது. தேயிலை போன பாதையிலே அம்மக்களின் குரல் மட்டும் தலைநகரைச் சென்றடைய நெடுங்காலம் பிடித்தது. சென்றடைந்த குரலும் இடையிலே அறுக்கப்பட்டு, ஒரு தலைமுறை கழிந்த பின்னரே மீண்டும் ஒலித்தது. அக்குரல் மீண்ட கதையே இன்றைய பேச்சின் பொருள்.

1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவாக வேண்டியோர் 95 பேர். அவர்களுள் எழுவர் இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பிலே மலைநாட்டிலிருந்து வெற்றி பெற்று வந்தனர். நாவலப்பிட்டியிலிருந்து வந்த இராஜலிங்கமும், தலவாக்கொல்லையிலிருந்து வந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் அவர்களுள் அடங்குவர். நுவரெலியாத் தொகுதி தெரிந்தெடுத்தவர் சௌமியமூர்த்தி தொண்டமான். சபையில் அவர் முதன்முதல் அடியெடுத்து வைத்தபோது வயது 34. தமிழ்நாட்டில் பிறந்து, தந்தையார் வாங்கிய வெவண்டன் தோட்டத்திலே வளர்ந்து, தோட்ட உரிமையாளரின் புதல்வராயிருந்தும் தொழிலாளர் சங்கத்தின் தலைவரானவர் அவர்.

அந்த எழுவர் சபையில் இருந்தபோதே அவர்களை அனுப்பிய மக்களின் உரிமை பறிபோயிற்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தையோ, தந்தையும் பாட்டனுமோ இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயத்திலே பிறந்து லயத்திலே வளர்ந்தவன் தன் பாட்டனின் பிறப்புப் பத்திரத்துக்கு எங்கே போவான்? அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் விண்ணப்பிக்க ஒரு வழியைத் திறந்தது. ஆனால் அவ்வழி மிகக் குறுகியது. அத்தாட்சிகள் பல வேண்டியது. அதே ஆண்டில் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு, பிரஜையல்லாதார் வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டனர்.

விண்ணப்பிப்பதா, புறக்கணிப்பதா என்று காங்கிரஸ் முதலில் தயங்கிற்று. காலக்கெடு முடியும் தறுவாயில் எல்லோரும் விண்ணப்பிக்கலாயினர். ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பேரிலே குவிந்தன. அவர்களுள் இறுதியிற் பிரஜைகளானோர் சுமார் 1,34,000 பேர் மாத்திரமே. 1952 இல் தலைநகரிலே சத்தியாக்கிரகம் நடந்தது, பயன் கிட்டவில்லை. அவ்வாண்டுத் தேர்தல் முடிந்தபோது எழுவர் இருந்த இடத்திலே ஒருவரும் இல்லை.

இதில் விந்தை ஒன்றுண்டு. மாகாணங்களுக்குரிய ஆசனங்கள் மொத்தச் சனத்தொகையையும் நிலப்பரப்பையும் கொண்டே கணிக்கப்பட்டன. ஆகவே வாக்கற்ற தொழிலாளியும் ஆசனத்தை எண்ணும்போது ஓர் ஆளாக எண்ணப்பட்டான். வாக்கை எண்ணும்போது இல்லாதவனானான். பந்திக்கு இலை எண்ணும்போது சேர்க்கப்பட்டுப் பரிமாறும்போது விடப்பட்டவன் நிலைமை அது.

தொண்டமான் 1960 இலும் 1965 இலும் நியமன அங்கத்தவராகச் சபையில் இடம்பெற்றார். அதனை அவர் திரும்பி வந்ததாகக் கொள்ளலாகாதா என்று நேயர்கள் கேட்கக்கூடும். வேற்றுமை சிறிதன்று. பிரதம மந்திரியின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமித்த அறுவருள் ஒருவராக இருப்பது வேறு. மக்கள் இட்ட வாக்கினால் வருவது வேறு. அழைத்து அமர்த்தப்பட்டவன் விருந்தாளி. தன் உரிமையால் வந்து அமர்பவனே அந்த வீட்டுக்குரியவன். 1972 ஆம் ஆண்டு அரசியலமைப்பு நியமன ஆசனங்களை ஒழித்தபோது, விருந்தாளிக்கு இட்ட பாயும் சுருட்டப்பட்டது.

இவ்விடைக்காலத்தில் மலைநாட்டு மக்களின் தலைவிதி வேறிடத்தில் எழுதப்பட்டது. 1964 ஒக்டோபர் 30 ஆந் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சத்தை 1974 இல் இரு நாடுகளும் பாதி பாதியாக ஏற்றன. பின்னர் மலைநாட்டு நிலையங்களிலே கோச்சிகள் புறப்பட்டன. தலைமன்னார் சென்று கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கும் பயணம் அது. அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்குமாகப் பிரிந்த வீடுகள் பல. அவ்வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி.

எழுபதுகளில் துன்பம் மேலும் பெருகிற்று. உணவுப் பஞ்சம் தோட்டங்களை வாட்டிற்று. 1975 இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977 மே மாதத்தில், தோட்டக் காணிகளைப் பிரித்தெடுப்பதை எதிர்த்த தொழிலாளர்மீது டெவன் தோட்டத்திலே துப்பாக்கிப் பிரயோகம் நடந்து, சிவனு இலட்சுமணன் என்ற இளைஞர் உயிரிழந்தார். அந்தச் சூழ்நிலையிலேதான் அவ்வாண்டு யூலை 21 ஆந் திகதித் தேர்தல் வந்தது.

நுவரெலியா - மஸ்கெலியா மூன்று அங்கத்தவர்களைக் கொண்ட தொகுதியாக வகுக்கப்பட்டிருந்தது. அத்தகைய தொகுதியில் ஒவ்வொரு வாக்காளருக்கும் மூன்று வாக்குகள் உண்டு. மூன்றையும் ஒருவருக்கே அளிக்கவும் இடமுண்டு. சிறுபான்மையோர் சிதறாது நின்றால் ஓரிடத்தையேனும் பெறலாம் என்பதே அந்த ஏற்பாட்டின் உட்பொருள். பிரஜாவுரிமை பெற்றிருந்த தொழிலாளர் அதனை உணர்ந்து வாக்களித்தனர். ஐக்கிய தேசியக் கட்சியின் காமினி திசாநாயக்கா முதலாவதாகவும், ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியின் அநுர பண்டாரநாயக்கா இரண்டாவதாகவும், இலங்கைத் தொழிலாளர் காங்கிரசின் தொண்டமான் மூன்றாவதாகவும் தெரிவாயினர். 34 வயதில் வாக்குகளால் வந்தவர், 63 வயதில் மீண்டும் வாக்குகளால் வந்தார். 1947 இல் வந்த எழுவருள் இவ்வாறு மீண்டவர் அவர் ஒருவரே. 168 பேர் கொண்ட சபையிலே அவர் கட்சிக்குரிய ஆசனம் ஒன்றேதான்.

நெடுநாள் சென்று திரும்பும் மூத்தோன் இரு தவறுகளுள் ஒன்றில் விழுவதுண்டு. பழையபடியே எல்லாம் இருக்கின்றன என்று எண்ணி விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்குவது ஒன்று. பட்ட அவமதிப்பை மறவாது பழி தீர்க்கப் புகுவது மற்றொன்று. தொண்டமான் இரண்டையும் தவிர்த்தார். தேர்தல் நடந்த அடுத்த மாதத்திலேயே வன்செயல் மூண்டு, தோட்ட மக்கள் பலர் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளை நோக்கி ஓடினர். எனினும் அவர் பேச்சுவார்த்தையின் பாதையையே நாடி, 1978 செப்டெம்பரில் மந்திரி சபையிற் சேர்ந்தார். அது தம் மக்களின் உரிமைக்கு வழிதேடிய விவேகம் என்றனர் சிலர். 1983 ஆம் ஆண்டின் கொடுமைக்குப் பின்னரும் அதே அரசில் நீடித்தது தகுமா என்று கண்டித்தனர் வேறு சிலர். இவ்விரு வாதங்களும் வரலாற்றின் தராசில் இன்னும் இருக்கின்றன.

விளைவுகளை மட்டும் வரிசைப்படுத்தலாம். 1984 ஏப்ரிலில் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின் பயனாகப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் நாட்சம்பளம் சமமாயிற்று; கூடையைச் சுமந்து மலையேறும் பெண்ணுக்கு அது காலங் கடந்து வந்த நீதி. 1986 தைப்பொங்கல் நாளிலே பிரார்த்தனைப் போராட்டம் தொடங்கியது. அவ்வாண்டிலும் 1988 இலும் நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டங்கள் நிறைவேறின. 1964 ஒக்டோபர் 30 முதல் நிரந்தரமாக இலங்கையில் வாழும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் உரிமை அளித்து, எஞ்சியிருந்த குறையை நீக்க 2003 இல் ஒரு சட்டம் வந்தது. அதனைக் காண அவர் இருக்கவில்லை. ஒப்பந்தம் கைச்சாத்தான அதே ஒக்டோபர் 30 ஆந் திகதி, 35 ஆண்டுகள் கழித்து, 1999 இல் அவர் காலமானார்.

ஓர் அங்கத்தவர் சபைக்கு மீண்டார் என்பது செய்தி. அவரை மீட்டனுப்பிய மக்களும் அவரோடு சபைக்கு மீண்டனர் என்பதே அதன் பொருள். ஆயினும் ஒப்பாரிக் கோச்சியிலே போனவர்கள் திரும்பவில்லை. கோத்தகிரியிலும் கூடலூரிலும் தேயிலை மலைகளையே மீண்டும் தேடிச் சென்று குடியேறியவர் அவர்களுட் பலர். சட்டம் ஒரே நாளிற் பறித்த உரிமையைத் திருப்பித் தர ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. ஒரு வாக்குச் சீட்டின் நிறை எவ்வளவு என்பதை, அதனை ஒருநாளும் இழந்தறியாதவர்கள் நானுஓயாவின் முதியவர்களிடம் கேட்டறியலாம்.