சாவி யாரிடம் இருக்கிறது?



‘பிள்ளைகளின் படிப்பில் கணக்கு, அறிவியல், தொழில்நுட்பம்’ என்பது இந்த மேடையில் எனக்குக் கொடுத்த தலைப்பு. மூன்றுக்கும் ஐந்தைந்து நிமிடம் என்று வேறு சொல்லியிருக்கிறார்கள். நான் ஒரு பூட்டைப் பற்றிப் பேசப் போகிறேன்.

பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள். ஒரு மேல்நிலைப் பள்ளி விழாவுக்குப் போயிருந்தேன். பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஒன்றைச் சொன்னால் மற்றவை தப்பித்துக்கொள்ளும். சர் சி.வி. ராமன் படத்துக்கு மாலை போடச் சொன்னார்கள். போட்டேன். போட்ட பிறகுதான் கவனித்தேன், படத்தை மாட்டியிருந்தது வேதியியல் ஆய்வகத்தின் கதவில். மாலைக்குக் கீழே ஒரு பூட்டு. துருவேறிய பூட்டு. அதில் ஒரு சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். உடைந்த பெஞ்சு, பழைய வினாத்தாள் கட்டு, என்றைக்கோ நடந்த தேர்தலின் வாக்குச்சாவடிப் பலகை. சாவி? “மாறுதலாகிப் போன சார்கிட்ட இருக்குமுங்க.” அவர் மாறுதலாகி மூன்று வருடம்!

அங்கே பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மேடையேறி, பொட்டாசியம் பர்மாங்கனேட் தரம்பார்த்தலைத் தண்ணீர்பட்ட பாடாக ஒப்பித்தாள். பியூரெட்டில் எதை ஊற்ற வேண்டும், பிப்பெட்டில் எவ்வளவு எடுக்க வேண்டும், எதைச் சூடுபடுத்த வேண்டும், எல்லாம் சொன்னாள். ‘வெளிர் இளஞ்சிவப்பு நிறம் நிலையாகத் தோன்றுவதே முடிவுநிலை’ என்று முடித்தாள். ஒரே கைதட்டல். கீழே இறங்கி வந்தவள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: “ஐயா, இளஞ்சிவப்புன்னா ரோஸ் கலரா?”

எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

செய்முறைத் தேர்வு முடிந்துவிட்டது. அந்தப் பள்ளியில் அத்தனை பேருக்கும் 20க்கு 20. சோதனைக் குழாயையே தொடாத கைக்கு 20! ரெக்கார்டு நோட்டு போன வருடத்து அக்கா நோட்டின் நகல். அக்காவின் நோட்டு அதற்கு முந்தைய அண்ணனுடைய நோட்டின் நகல். அந்த அண்ணன் செய்த தப்புகூட அப்படியே இருக்கிறது. பரம்பரைச் சொத்து!

என் பாட்டி கைநாட்டு. ஊரில் காலரா வந்தபோது கிணற்றில் மருந்து போட்டதைக் கதை கதையாகச் சொல்வாள். போட்டவுடன் தண்ணீர் கத்தரிப்பூ நிறம், இறைக்க இறைக்க ரோஸ், அப்புறம் வெள்ளை. அந்த மருந்துதான் ஐயா பொட்டாசியம் பர்மாங்கனேட்! பள்ளிக்கூடம் போகாத கிழவி பார்த்த நிறத்தை, பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடம் போன பேத்தி பார்க்கவில்லை. காரணம் ஒரு பூட்டு.

மாலை வாங்கிக்கொண்ட ராமன் யார்? திருச்சியில் பிறந்தவர். 1921இல் கப்பலில் வரும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து அசந்து நின்றார். அது வானத்து நீலத்தின் பிரதிபலிப்புதான் என்று விஞ்ஞானி ரேலே பிரபு ஏற்கெனவே சொல்லியிருந்தார். நம் பள்ளிப் பிள்ளையாக இருந்தால் அதை இரண்டு மதிப்பெண் விடையாக எழுதிவிட்டுத் தூங்கியிருக்கும். ராமன் கையோடு வைத்திருந்த சின்னப் பட்டகத்தை எடுத்தார். தண்ணீரின் மேல் பட்டுத் திரும்பும் ஒளியை அதைக்கொண்டு மறைத்துப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது. அப்படியானால் நீலம் தண்ணீருக்குள்ளிருந்தே வருகிறது! அந்தச் சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டு போனவர்தான் 1928 பிப்ரவரி 28இல் ராமன் விளைவுக்கு வந்து சேர்ந்தார். 1930இல் நோபல் பரிசு. ரேலே சொன்னதையே சோதித்துப் பார்த்தவரின் படத்தைக் கொண்டுபோய்ப் பூட்டிய கதவில் மாட்டுகிறீர்களே, உங்களுக்குக் கூசவில்லையா?

இதற்கு நீட் பயிற்சி மையத்துக்காரர் பதில் வைத்திருக்கிறார். “180 கேள்வி சார், 720 மார்க். அதில் ஒரு கேள்வியாவது குழாயைத் தூக்கிக் காட்டு என்கிறதா?” இல்லைதான். நாளைக்கு உங்கள் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைக்கப்போகிற டாக்டர், நாலு விடையில் ஒன்றை வட்டமிட்டால் போதும் என்று நீங்களும் படுத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர், “பிள்ளைகள் கண்ணாடிச் சாமானை உடைத்துவிடும்” என்கிறார். உடைக்கட்டும் ஐயா! உடைத்தால் வாங்கலாம்.

“ஸ்மார்ட் போர்டு வந்தாச்சே, திரையிலேயே எல்லாம் காட்டுகிறோமே” என்கிறார் ஒரு தாளாளர். திரையில் பிரியாணியும்தான் காட்டுகிறார்கள். தன் பள்ளி விழாவுக்கு வந்தவர்களுக்கு அதையே காட்டி அனுப்பியிருக்கலாமே, பந்தி எதற்குப் போட்டார்? சந்திரயான்-3 திட்ட இயக்குநர் விழுப்புரம் வீரமுத்துவேல் தொடங்கியது பாலிடெக்னிக் டிப்ளமோவில். பாலிடெக்னிக் என்றால் பட்டறை. தொழில்நுட்பம் கை வழியாகத்தான் மண்டைக்குப் போகும்.

கணக்குக்கு வருகிறேன். “பொம்பளப் பிள்ளைக்குக் கணக்கு எதுக்கு?” என்று இந்த ஊரிலேயே ஒருவர் கேட்டார். அவர் தொழில் தண்டல். கேட்காமல் என்ன செய்வார்? 10,000 ரூபாய் கடன் என்று எழுதி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பார். தினம் 100 ரூபாய், 100 நாள். “15 பர்சென்ட்தாம்மா” என்பார். தாய்மார்களே, நீங்கள் தினமும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். ஆகவே அந்த 100 நாளில் சராசரியாக உங்கள் கையில் இருந்த கடன், வாங்கியதில் பாதி, 4,250 ரூபாய் பக்கம்தான். அதற்கு 1,500 ரூபாய் வட்டி, அதுவும் 100 நாளைக்கு! வருடக் கணக்குப் போட்டால் 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. எட்டாம் வகுப்புச் சதவீதம் ஒழுங்காகத் தெரிந்த மகள் வீட்டில் இருந்தால் அவர் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

இனி புத்தகத்துக்கு வருகிறேன். டெல்லியில் பாடத்தைக் குறைக்கிறோம் என்று மத்தியப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமத்தை எடுத்தார்கள், தனிம வரிசை அட்டவணையையும் எடுத்தார்கள். நாம் கொதித்தோம், நானும் கொதித்தேன். நம் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் பரிணாமம் இருக்கிறது என்று மார்தட்டினோம். அவர்கள் பக்கத்தைக் கிழித்தார்கள். நாம் பக்கத்தை விட்டுவிட்டுக் கதவைப் பூட்டினோம். இதில் யார் யோக்கியம்?

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976இல் அரசியல் சட்டத்திலேயே எழுதியாயிற்று. எழுதியதையும் ரெக்கார்டு நோட்டோடு சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள் போலிருக்கிறது.

தலைவர் மணியடிக்கிறார். முடிக்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், அதாவது நீங்கள். அடுத்த கூட்டத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஆய்வகச் சாவி யாரிடம் இருக்கிறது? தொலைந்துவிட்டது என்று பதில் வந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். எங்கள் தெருவில் பூட்டு ரிப்பேர் செய்கிறவர் ஒருவர் இருக்கிறார். கையோடு கூட்டிக்கொண்டு வருகிறேன்; கூலி என் பொறுப்பு.