அடிபடாமல் கன்றும் உடம்பு
(நமது டிரஸ்ட் மகளிர் கூட்டத்தில் செயலாளர் பேசியது)



தாய்மார்களே, சகோதரிகளே! சென்ற மாதம் ஒரு அம்மா மகளுடன் அலுவலகத்துக்கு வந்தார். "அண்ணே, பண உதவி வேணாம். நல்லா ஓதிப் பாக்குறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க" என்றார். பிள்ளையின் கையிலும் காலிலும் நீலமாகக் கன்றிய தடங்கள். முதலில் சுருக்கென்று எரியுமாம், பிறகு சிவந்து வீங்குமாம், அப்புறம் நீலம். அடிபடவே இல்லை. தட்டணுக்கள் சரியாக இருக்கின்றன, ரத்தச் சோதனை எல்லாம் நார்மல். தெருவில் பாதிப்பேர் ஜின் என்கிறார்கள், மீதிப்பேர் மாப்பிள்ளை அடிக்கிறார் என்கிறார்கள்.

அவளுக்கு என்ன நோய் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் இப்படியும் ஒரு நோய் உண்டு. 1955இல் கார்ட்னர், டயமண்ட் என்ற இரு அமெரிக்க டாக்டர்கள் நான்கு பெண்களிடம் இதைக் கண்டு எழுதினார்கள். அவர்கள் பெயரால்தான் கார்ட்னர்-டயமண்ட் நோய் என்கிறார்கள். மிக அபூர்வம், பெரும்பாலும் பெண்களுக்கே வருகிறது. துக்கம், பயம், குடும்பச் சண்டை என்று மனம் நொறுங்கிய காலத்தை ஒட்டி வருவதாகப் பல டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காரணம் முழுதாகப் பிடிபடவில்லை. அதற்காக நடிப்பு என்று சொல்லிவிடாதீர்கள். அந்த வலி நிஜம்.

தடம் கண்டதும் இந்த நோய்தான் என்று நாமே முடிவு கட்டவும் கூடாது. டெங்கு, ஈரல் கோளாறு, சில மாத்திரைகளாலும் உடம்பு கன்றும். முதலில் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே டாக்டர் மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தால் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். இன்னொன்று: பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து, "யாராவது அடிக்கிறாங்களாம்மா?" என்று கேளுங்கள். அடியை நோய் என்று மூடிவைப்பது அதைவிடப் பெரிய அநியாயம்.

ஓத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; நானும் மதரஸாவில் ஓதியவன்தான். 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் வெந்து மவுத்தானது நம் பக்கத்து மாவட்டத்தில்தான். பிறகு அதே ஏர்வாடியில் தவா, துஆ இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும் என்று தர்காவை ஒட்டி அரசே மனநல சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தது. அதை முன்பே செய்திருக்கலாம்.

நேரில் போகத் தயங்குகிறவர்கள் 14416க்குப் போன் செய்யலாம். அரசின் இலவச மனநல ஆலோசனை, தமிழிலேயே பேசலாம். ஆஸ்பத்திரிக்குக் கூட வர ஆள் இல்லையென்றால் முந்தின நாள் அஸருக்குப் பிறகு நம் அலுவலகத்தில் சொல்லுங்கள், ஒரு சகோதரியை அனுப்புகிறோம். என்ன நோய் என்று கேட்க மாட்டோம். பெயரையும் எழுதிவைக்க மாட்டோம்.