பேரலையும் பாலமும்

நான் வசிக்கும் திருப்பூணித்துறைக்கு மேற்கே, கொச்சிக் காயலைக் கடந்தால் வைப்பின் தீவு. அதற்கு ஒருபுறம் கடல், மறுபுறம் காயல். கேரளக் கரையில் இத்தகைய ஒடுங்கிய நிலங்கள் பல உண்டு. கொல்லம் மாவட்டத்து ஆலப்பாடும் அவற்றுள் ஒன்று.

2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை 6.29 மணிக்குச் சுமத்திராவின் அருகே கடலடி நிலம் நடுங்கிற்று. ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் சுனாமி என்னும் பேரலை தமிழகக் கரையை மோதிற்று. குமரிமுனையைச் சுற்றிவந்து ஆலப்பாட்டை அது அழித்தபோது நண்பகலாகிவிட்டது. தப்புவதற்குக் காலம் இருந்தும், செய்தி வரவில்லை. அச்சிற்றூரில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இன்று அக்குறை நீங்கியுள்ளது. 2007இல் ஐதராபாத்தில் ஏற்பட்ட முன்னெச்சரிக்கை நிலையம், நில அதிர்ச்சிமானிகள், கடலடி அழுத்தமானிகள் முதலியவற்றைக் கொண்டு, பெரும் அதிர்ச்சி நேர்ந்த 10 நிமிஷ அளவில் முதற்செய்தியை விடுக்கிறது.

ஆனால், செய்தி கேட்டவர் எங்கே செல்வது? காயல் குறுக்கிடும் ஊரில் பாலமே உயிர்நாடி. இதனை உணர்ந்தே 2006இல் ஆலப்பாட்டில் ஒரு நடைபாலம் அமைக்கப்பட்டது. பாலம் தொலைவிலிருப்பின், உறுதியான மாடிக் கட்டடமே புகலிடம்.

ஆகவே, ஆபத்தைக் கணிப்பது அறிஞர் வேலை மட்டுமன்று. நம் வீட்டிலிருந்து பாலத்துக்கு எத்தனை நிமிஷம்? முதியோரை யார் அழைத்துச் செல்வது? இவற்றை இன்றே நடந்து பார்த்து அறிதல் வேண்டும். கடல் திடீரென உள்வாங்கினால், அறிவிப்புக்குக் காத்திராமல் புறப்படுக. முதல் அலை ஓய்ந்ததும் திரும்பிவிடலாகாது. பின்வரும் அலை அதனினும் பெரிதாயிருக்கக்கூடும்.