'இல்லை' என்று எழுதுவதற்கு முன்



கேரளத்தின் தேவிகுளம், பீருமேடு எஸ்டேட் லயங்களிலும், சித்தூர், கொழிஞ்சாம்பாறையிலும் நம் தமிழ்ப் பிள்ளைகள் பட்டாளத்துக்கும் போலீசுக்கும் விடிகாலையில் எழுந்து ஓடிப் பழகுகிறார்கள். எழுத்துத் தேர்வு, ஓட்டம், மருத்துவப் பரிசோதனை எல்லாம் தாண்டியவர் கையில் கடைசியாக ஒரு படிவம் வரும். மத்திய அரசு வேலைகளில் அதை அட்டஸ்டேஷன் ஃபாரம் என்பார்கள். எப்போதாவது கைதானதுண்டா? வழக்கு நடந்ததுண்டா? கோர்ட்டில் அபராதம் கட்டியதுண்டா? வரிசையாகக் கேட்கும். பொய் சொன்னாலோ மறைத்தாலோ வேலை கிடையாது என்று அதன் தலைப்பிலேயே அச்சடித்திருக்கும்.

கேந்திரிய வித்யாலயாவில் உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்த ஒருவர், தன் மேல் வழக்கு இருந்தும் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தார். விஷயம் தெரிந்ததும் வேலை போனது. மாநில அரசே அந்த வழக்கைப் பின்னால் திரும்பப் பெற்றுக்கொண்டது. நான் இந்தியில் படித்தவன், ஆங்கிலக் கேள்வி புரியவில்லை என்றும் அவர் சொல்லிப் பார்த்தார். 2003-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் படிவம் நிரப்புகிற நமக்கு இது எவ்வளவு நெருக்கமான வழக்கு என்று பாருங்கள். புரியாத சொல்லுக்கு எதிரே கையெழுத்துப் போடாதீர்கள்.

வழக்கு இருந்தாலே வாழ்க்கை போயிற்றா என்றால், இல்லை. 2016 ஜூலையில் அவதார் சிங் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் தெளிவாகச் சொன்னார்கள்: சின்ன வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால்கூட அதிகாரி மன்னிக்கலாம். உண்மையைச் சொன்னவரின் பின்னணியையும் எடைபோட அதிகாரிக்கு உரிமை உண்டுதான். ஆனாலும் வேலையின் தன்மை, குற்றத்தின் கனம் இரண்டையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். 2015 செப்டம்பரில் மூணாறு தோட்டப் பெண்கள் போனஸுக்காகச் சாலையில் உட்கார்ந்தது நமக்கு நினைவிருக்கும். போராடித்தான் வாழ வேண்டிய ஊரில், கூட்டம் கூடினார், வழி மறித்தார் என்ற வழக்கு எந்த வீட்டுப் பிள்ளை மேலும் விழலாம். அதற்காக ஒருவரை ஆயுசுக்கும் ஒதுக்குவது அநியாயம் என்பேன்.

2024 பிப்ரவரியில் உத்தரப் பிரதேசக் காவலர் ஒருவருக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் உண்டு. அவர் வேலைக்கு மனுப் போட்டபோது வழக்கே இல்லை. பிறகு வந்த வழக்கிலும் விடுதலையாகிவிட்டார். உள்ளூர் போலீசும் நல்லவர் என்றே எழுதியிருந்தது. ஆனால் மனுப் போட்டது 2004-இல். ஏறக்குறைய இருபது வருடம் கோர்ட்டுப் படி ஏறி வாங்கிய நியாயம் அது. மறுபுறம், 2022-இல் ஒரு சி.ஆர்.பி.எஃப். வழக்கில், தன் மேலிருந்த வழக்கை மறைத்தவரின் பணிநீக்கத்தை அதே நீதிமன்றம் உறுதி செய்தது.

நம் பிள்ளைகள் சறுக்குகிற இடம் அபராதம். அடிதடியோ குடித்துக் கலாட்டாவோ, மாஜிஸ்திரேட் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் கட்டிவிட்டு, கேஸ் முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். சட்டத்தின் கண்ணில் அது தண்டனை. படிவத்தில் அதை எழுதியே ஆக வேண்டும். போடியில் நடந்தது மூணாறுக்குத் தெரியாது, பொள்ளாச்சியில் நடந்தது சித்தூருக்குத் தெரியாது என்ற நினைப்பும் வேண்டாம். நாட்டின் காவல் நிலையங்களைக் கணினி வலை இணைத்துவிட்டது. கடந்த ஐந்து வருடத்தில் ஓராண்டுக்கு மேல் தங்கிய ஊர்களையும் படிவம் கேட்கிறது.

பிள்ளையைப் பெற்றவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 'எழுதாதே, எழுதினால் வேலை போய்விடும்' என்று நீங்களே சொல்லிக் கொடுக்காதீர்கள். எஃப்.ஐ.ஆர். நகலையும் தீர்ப்பு நகலையும் வாங்கிப் பத்திரமாக வையுங்கள். படிவத்தை நிரப்புவதற்கு முன் தாலுகா சட்டப்பணிக் குழுவுக்கு ஒருமுறை போய்வாருங்கள். இலவச சட்ட உதவிக்கு எண் 15100.